பின்வரிசை வித்வான்கள்



கொல்கத்தாவிலும் வங்காளத்தின் பிற ஊர்களிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு ஹவாயன் கிதாரின் நாதம் புதியதன்று. ரவீந்திரநாத தாகூரின் கீதங்களைச் சொல்லின்றி அக்கருவியிலே இசைப்பது அங்கே நெடுநாளைய வழக்கம். அடுத்த வீட்டுச் சாளரத்தின் வழியே மிதந்து வரும் அவ்வொலியைக் கேட்டு, நம் கோட்டு வாத்தியமோ என்று ஒரு கணம் மயங்கியோரும் உண்டு. அம்மயக்கத்தில் பிழையில்லை. இரண்டிலும் கம்பியை விரலால் மெட்டின்மேல் அழுத்துவது கிடையாது. ஒன்றில் கட்டையும் மற்றொன்றில் உலோகத் துண்டும் கம்பியின்மேல் வழுக்கிச் செல்லச் செல்ல, ஒரு சுரம் அடுத்த சுரத்தோடு இழைந்து வருகிறது.

இந்த ஹவாயன் கிதாரின் வழித்தோன்றல் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேறு விதமாக வளர்ந்தது. பெடல் ஸ்டீல் கிதார் என்பது அதன் பெயர். ஸ்டீல் என்பது இங்கே கையில் பிடிக்கும் எஃகுத் துண்டைக் குறிக்கும். பெடல் என்பது காலால் மிதிப்பது. அக்கருவியை வாசித்துப் புகழ்பெற்ற, அல்லது பெற வேண்டிய புகழைப் பெறாத சிலரைப் பற்றியே இன்று பேசப் புகுகிறோம்.

முதலில் கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஹவாய்த் தீவுகளில் 1874-ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் கெகுகு என்பவரே கிதாரை மடியில் கிடத்தி, எஃகுத் துண்டைக் கம்பிகளின்மேல் ஓட்டி வாசிக்கும் முறையை உருவாக்கியவர் என்று பெரும்பாலோர் கொள்வர். அவர் 1904-இல் தீவை விட்டு அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்று, ஊர் ஊராக வாசித்தும் கற்பித்தும் வாழ்ந்து, 1932-இல் அங்கேயே காலமானார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஹவாய் இசையைக் கேட்ட அமெரிக்க மக்களுக்கு அதன்மேல் பித்தே பிடித்துவிட்டது எனலாம். 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பாக்கர் நிறுவனத்தார் அலுமினியத்தால் ஒரு மின்சாரக் கிதாரைச் செய்து விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதுவும் மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் வகையே. மின்சாரக் கிதார்களுள் மூத்தது இந்த மடிக் கிதார்தான் என்பதைப் பலர் அறியார்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. நேரான எஃகுத் துண்டு எல்லாக் கம்பிகளையும் ஒரே கோட்டில் தொடுகிறது. அதை நகர்த்தினால் எல்லாச் சுரங்களும் ஒருங்கே ஏறும், ஒருங்கே இறங்கும். ஒற்றைச் சுர வரிசையாக ராகத்தை ஆலாபனை செய்யும் நமக்கு இஃது ஒரு குறையே அன்று. மேலைநாட்டு இசையிலோ, மூன்று நான்கு சுரங்கள் சேர்ந்தொலிப்பதும், அச்சேர்க்கை அடிக்கடி மாறுவதும் இன்றியமையாதன. ஆகவே ஒரே பலகையில் இரண்டு, மூன்று, சிலர் நான்கு கிதார்களைக்கூடப் பதித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சுருதி சேர்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி வாசித்தார்கள். காலால் மிதித்துக் கம்பியின் இழுவிசையை மாற்றினால் என்ன என்ற எண்ணம் இத்தொல்லையிலிருந்து பிறந்ததே.

இன்று நாம் காணும் பெடல் ஸ்டீல் கிதார் நான்கு கால்களின்மேல் நிற்கும் ஒரு மேசை போன்றது. மேலே பத்துக் கம்பிகள் கொண்ட தொகுதி ஒன்றோ இரண்டோ இருக்கும். இடக்கையில் எஃகு உருளை. வலக்கை விரல்களில் மீட்டுவதற்கான நகங்கள். இடக்கால் பெடல்களை மிதிக்கும். இரு முழங்கால்களும் பக்கவாட்டில் உள்ள நெம்புகோல்களைத் தள்ளும். வலக்கால், ஒலியைப் பெருக்கவும் தணிக்கவும் உதவும் வேறொரு பெடலின்மேல் எப்போதும் நிற்கும். வாசிப்பவரின் உடலில் சும்மா இருக்கும் உறுப்பு வாய் ஒன்றுதான். அதையும் ஒருவர் சும்மா விடவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி என்ற இயந்திரக் கைவினைஞர் இருந்தார். 1948-இல் அவர் ஸ்பீடி வெஸ்ட் என்ற இளைஞருக்குப் பெடல்கள் பொருத்திய கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். ஸ்பீடி வெஸ்ட் பெயருக்கேற்ற வேகக்காரர். ஜிம்மி பிரயன்ட் என்ற கிதார்க்காரருடன் சேர்ந்து அவர் வாசித்த தட்டுகளைக் கேட்டால், கையில் இருப்பது எஃகுத் துண்டா மின்னல் துண்டா என்ற ஐயம் வரும். 1950-களில் அவர் பின்னணி வாசித்த பதிவுகள் ஆயிரக்கணக்கானவை. 1981-இல் பக்கவாதம் அவருடைய வாசிப்பை நிறுத்திவிட்டது. அதன்பின் 2003 வரை உயிர் வாழ்ந்தார்.

வெஸ்டைப் போன்றோர் பெடலைப் பெரும்பாலும் ஒரு சுருதிச் சேர்க்கையிலிருந்து வேறொன்றுக்கு மாறுவதற்கே பயன்படுத்தினர். பெடலின் உண்மையான பயனை உலகுக்குக் காட்டியவர் பட் ஐசக்ஸ். 1953 நவம்பரில் டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரில், வெப் பியர்ஸ் என்ற பாடகரின் 'ஸ்லோலி' என்ற பாடல் ஒலிப்பதிவாயிற்று. ஐசக்ஸ் கம்பிகளை மீட்டிவிட்டு, அவை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். நடந்தது இவ்வளவே.

இதன் பொருளை நம் சுரங்களால் விளக்கலாம். ஸட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒலிக்கின்றன என்று கொள்வோம். பெடலை மிதிக்கிறார். ஸட்ஜமம் அசையாமல் நிற்கிறது. காந்தாரம் மத்யமத்துக்கும் பஞ்சமம் தைவதத்துக்கும் வழுக்கி ஏறுகின்றன. ஒரு குரல் நிற்க, மற்ற இரு குரல்கள் அதனைச் சுற்றி நகர்கின்றன. எஃகுத் துண்டால் மட்டும் இதனைச் செய்ய இயலாது. கோட்டு வாத்தியக் கட்டையாலும் இயலாது. அப்பாடல் 1954-இல் வெளிவந்து, 'கன்ட்ரி' என்று வழங்கும் அந்நாட்டு மண்ணிசைப் பாடல்களின் வரிசையில் பதினேழு வாரம் முதலிடத்தில் நின்றது. ஸ்டீல் கிதார் வாசிப்போரெல்லாம் இவ்வொலி எப்படி வந்தது என்று திகைத்தனர். பின் தத்தம் கருவிகளில் பெடல் பொருத்த முற்பட்டனர். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரின் இடக்கால் ஒரு தொழிலையே மாற்றிவிட்டது. தட்டின்மேல் அச்சாகியிருந்ததோ வெப் பியர்ஸின் பெயர். ஐசக்ஸ் 2016-இல் மறைந்தார்.

இத்துறையில் ஒருவரை மட்டுமே நினைவில் வைக்க இயலும் என்றால் பட்டி எம்மன்ஸ் அவர்களையே நாம் சொல்லுவோம். 1937-இல் இண்டியானா மாநிலத்து மிஷவாக்கா என்ற ஊரில் பிறந்தவர். பதினோராம் வயதில் ஆறு கம்பி மடிக் கிதாரில் பயிற்சி தொடங்கினார். பதினெட்டாம் வயதில் நாஷ்வில்லுக்கு வந்து, லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸ் என்ற பாடகரின் குழுவில் சேர்ந்தார். ஐசக்ஸின் பெடல் இரண்டு சுரங்களையும் சேர்த்தே ஏற்றியதல்லவா? எம்மன்ஸ் அதனை இரண்டு பெடல்களாகப் பிரித்தார். காந்தாரத்தை மட்டும் ஏற்றலாம், பஞ்சமத்தை மட்டும் ஏற்றலாம். பாதத்தைச் சற்றே சாய்த்தால் இரண்டையும் ஏற்றலாம். கேட்பதற்குச் சிறு மாறுதல்தான். ஆயினும் இன்றளவும் இக்கருவியைக் கற்கும் எவரும் முதலில் பழகுவது இந்தப் பிரிவினையையே. 1957-இல் ஷாட் ஜாக்சன் என்ற நண்பருடன் சேர்ந்து, இருவர் பெயரையும் இணைத்து, 'ஷோ-பட்' என்ற பெயரில் கருவிகள் செய்யத் தொடங்கினார். 1962-இல் மேலும் இரண்டு கம்பிகளைச் சேர்த்தார். அடுத்த ஆண்டு தம் பெயரிலேயே வேறொரு நிறுவனம் கண்டார். அதே ஆண்டில் 'ஸ்டீல் கிதார் ஜாஸ்' என்ற தட்டை வெளியிட்டு, மண்ணிசைக் கருவி என்று ஒதுக்கப்பட்டதை ஜாஸ் மேடைக்கும் ஏற்றினார்.

இவ்வளவு செய்தும், வாழ்நாளில் பெரும்பகுதி அவர் பாடகர்களுக்குப் பின்னால் அமர்ந்தே வாசித்தார். எர்னஸ்ட் டப், ரே பிரைஸ் முதலியோர் பாட இவர் வாசித்தார். சில ஆண்டுகள் ரோஜர் மில்லரின் குழுவில் பேஸ் கிதார் வாசித்துக் காலம் கழித்ததும் உண்டு. 2015-இல் அவர் காலமானபோது, அவருடைய சுருதிச் சேர்க்கையில் அல்லாமல் வாசிக்கும் பெடல் ஸ்டீல்காரரைக் காண்பது அரிதாக இருந்தது.

ரால்ப் மூனியின் கதை விசித்திரமானது. 'கிரேஸி ஆர்ம்ஸ்' என்ற பாடலை எழுதியவர்களுள் ஒருவர் அவர். 1956-இல் ரே பிரைஸ் அதைப் பாடி இருபது வாரம் முதலிடத்தில் நிறுத்தினார். அப்பதிவில் ஸ்டீல் கிதார் வாசித்தவர் மூனி அல்லர்; ஜிம்மி டே என்ற வேறொரு வித்வான். மூனியோ தூரத்துக் கலிபோர்னியாவில், கூர்மையும் துள்ளலும் மிக்க தம் பாணியில் வின் ஸ்டூவர்ட், பக் ஓவன்ஸ், மெர்ல் ஹாகர்ட் ஆகியோருக்கு வாசித்து வந்தார். பின்னர் வேலன் ஜென்னிங்ஸ் என்ற பாடகருடன் இருபது ஆண்டு கழித்தார். 2011-இல் மறைந்தார். மென்மைக்கு ஜிம்மி டே, எடுப்புக்கு மூனி என்பது நம் கருத்து.

லாயிட் கிரீன் நாஷ்வில்லுக்கு வந்தபோது பிழைப்பு நடவாமல் காலணிக் கடையொன்றில் விற்பனையாளராக அமர்ந்தார். அக்கடைக்கு வந்த ஓர் அம்மையார், காலமான பாடலாசிரியரும் பதிப்பாளருமான பிரெட் ரோஸின் மனைவியார். பேச்சுவாக்கில் இவர் இசைவாணர் என்று அறிந்து, இசைக்கலைஞர் சங்க உறுப்பினர் சீட்டைப் புதுப்பிக்க உதவினார். அந்தச் சீட்டு இல்லாமல் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிக்க முடியாது. 1968-இல் 'பேர்ட்ஸ்' என்ற ராக் குழுவினர் நாஷ்வில்லில் பதிவு செய்த 'ஸ்வீட்ஹார்ட் ஆப் தி ரோடியோ' என்ற தொகுப்பின் முதற்பாடல் கிரீனின் நாதத்தோடுதான் தொடங்குகிறது. அன்று காலணி வாங்க அம்மையார் வேறொரு கடைக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

வாயையும் பயன்படுத்தியவர் பீட் டிரேக். கிதாரின் ஒலியை ஒரு குழாய் வழியே தம் வாய்க்குள் செலுத்தி, உதடும் நாவும் அசைத்து, கம்பியே பேசுவது போலச் செய்தார். 1964-இல் வந்த 'பாரெவர்' என்ற தட்டு அவ்வகையது. வித்தை என்று பலர் நகைத்தனர். எனினும் பாப் டிலனின் 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' தொகுப்பில் 1967-இல் அவர் வாசித்தது வித்தையன்று, அடக்கமே உருவானது. 1970-இல், ரவிசங்கரிடம் சிதார் பயின்ற ஜார்ஜ் ஹாரிசன், தம் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' தொகுப்புக்காக டிரேக்கை லண்டனுக்கு வரவழைத்தார்.

கருவி அங்கேயே நின்றுவிடவில்லை. பிலடெல்பியாவில் ட்ரோமன் ஈசன் என்ற கறுப்பினத்தவர், ஹவாய்க் கலைஞர் ஒருவர் வானொலியில் வாசிக்கக் கேட்டு அக்கலையில் ஈடுபட்டார். அவர் தம்பி வில்லி அதை மாதாகோயில் வழிபாட்டுக்குக் கொண்டு சென்றார். அம்மரபில் மடிக் கிதாரின் இடத்தில் பின்னர்ப் பெடல் கிதாரும் வந்தது. 1977-இல் பிறந்த ராபர்ட் ராண்டால்ப் அதில் வளர்ந்தவரே. நைஜீரியாவில் டெமோலா அடெபோஜு, கிங் சன்னி அடேயின் ஜூஜூ இசைக்குள் இக்கருவியைக் கலந்தார். 2025-இல் மறைந்த சூசன் ஆல்கார்ன் அம்மையார், ஆர்ஜென்டினாவின் பியாசோலா இயற்றிய இசையையும் இதில் வாசித்துக் காட்டினார்.

நம் நாட்டில் பிரிஜ் பூஷண் காப்ராவும், அவருக்குப் பின் விஸ்வ மோகன் பட்டும் எஃகுக் கிதாரில் ராகங்களை நிலைநாட்டினர். அவர்கள் பெடலை நாடவில்லை. பெடலால் கிடைப்பது சுரச் சேர்க்கை. அவர்களுக்கு வேண்டியிருந்ததோ சுரங்களின் இடைவெளி.

கேட்க விரும்பும் நேயர்களுக்கு 'ஸ்லோலி' பாடலையே முதலில் பரிந்துரைக்கிறோம். வெப் பியர்ஸ் பாடத் தொடங்குவதற்கு முன்னுள்ள சில விநாடிகளில் செவியைக் கூர்மையாக வையுங்கள். ஒரு சுரம் நிற்க, மற்ற இரண்டும் மெல்ல ஏறுவது கேட்கும். அது பட் ஐசக்ஸின் கால்.