பள்ளத்துக்கும் பொறுப்பாளி உண்டு



மழை விட்ட மறுநாள் ஏதாவது ஒரு மெக்கானிக் கடையில் போய் நின்று பாருங்கள். நெளிந்த ரிம், ஆயில் ஒழுகும் ஃபோர்க், வெடித்த டயர். பில்லைக் கட்டுகிறவர் யார்? அன்றாடம் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவர். சாலைப் பள்ளத்தை மூடாமல் விட்டவருக்கோ காலணா செலவில்லை. இது நியாயமா?

சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சாலையைத் தரப்படி அமைக்காத, பராமரிக்காத அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் உயிர் போனால், ஊனம் நேர்ந்தால் மட்டுமே! வண்டி நொறுங்கினால் அந்தப் பிரிவில் இடமில்லை.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்தவருக்குச் சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. முழு பாலிசி எடுத்தவர் கிளைம் செய்தால் நோ கிளைம் போனஸ் போய்விடும். யாரோ செய்த தவறுக்கு யாரோ தண்டம் கட்டுகிறார்!

பராமரிக்கத் தவறினால் யார் பொறுப்பு என்பதற்கு நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கில், அதைக் காலாகாலத்தில் ஆய்வு செய்து பராமரிக்காத மாநகராட்சியே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1966-இல் தீர்ப்பளித்தது. 2025-இல் கேரளத்தின் பாலியேக்கரையில், சாலை மோசமாகக் கிடந்ததால் சுங்க வசூலையே உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது; உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

ஆகவே அரசிடம் இரண்டு கேட்கிறேன். வாகனச் சேதத்தையும் சட்டத்துக்குள் கொண்டு வாருங்கள். எந்தச் சாலையை, என்றைக்கு, எந்தப் பொறியாளர் ஆய்வு செய்தார் என்ற பதிவேட்டை மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வண்டி அடிபட்டால் பள்ளத்தைத் தேதியோடு படம் எடுங்கள். மெக்கானிக்கிடம் பில் வாங்குங்கள். புகார் மனு கொடுத்து, நகலில் முத்திரை பெறுங்கள். ஒப்பந்ததாரர் யார், அவருடைய பராமரிப்புப் பொறுப்பு எதுவரை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். சுங்கச் சாலையென்றால் ஃபாஸ்டேக் ரசீதோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள்.

ஒருவர் கேட்டால் மனு மேசையில் தூங்கும். தெருவே திரண்டு கேட்டால் பதில் வந்தே தீரும். கேளுங்கள், விடாமல் கேளுங்கள்!