அயல்நாட்டு விருந்தில் தமிழன் உடை

(வேலைக்காக அயல்நாடு செல்லும் இளைஞர்களை வழியனுப்புதற்குச் செஞ்சியில் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மூர்ப் பிள்ளைகள் செருமனிக்கும் கனடாவுக்கும் சிங்கப்பூருக்கும் புறப்படுகையில் பெட்டியில் முதலில் வைப்பது ஊறுகாய். அடுத்து வைப்பது கோட்டும் கழுத்துப்பட்டையும். அலுவலகத் தலைவர் மாலை விருந்துக்கு அழைப்பாராம். அதற்கு அதுதான் உடையாம். ஊறுகாயை மறவாத தாயும் தந்தையும் 'வேட்டி எடுத்து வைத்தாயா?' என்று கேட்பதில்லை. நாவுக்குத் தமிழ்ச்சுவை வேண்டும், உடம்புக்குத் தமிழுடை வேண்டா என்று எப்போது முடிவு செய்தோம்?

விருந்துக்கு உடை வேண்டும் என்பதை வெள்ளைக்காரன் வந்து நமக்குக் கற்பிக்கவில்லை. நமக்கு அண்மையிலுள்ள திண்டிவனத்தின் பகுதியாகிய கிடங்கில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் ஆண்ட ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். பசித்து வந்த பாணனுக்கு அவன் உடனே சோறிடவில்லை. மூங்கிலின் உட்பட்டையை உரித்தாற்போன்ற மெல்லிய ஆடையை முதலில் உடுப்பித்தான். அதன் பின்னரே பொற்கலத்தில் விருந்து படைத்துத் தானே நின்று ஊட்டினான். பொருநராற்றுப்படையில் கரிகாலனும் அவ்வாறே பொருநனின் கிழிந்த கந்தையைக் களைந்து புத்தாடை தந்தான். வந்தவன் கூனிக் குறுகி உண்ணக்கூடாது, நிமிர்ந்திருந்து உண்ணவேண்டும் என்பதே அக்கொடையின் கரணியம்.

அப்படிப்பட்ட நாட்டில் 2014ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சென்னைச் சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மட்டைப்பந்துச் சங்க மன்றத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா. அதற்குச் சென்றார், உயர்முறைமன்றத்தில் அப்போது பணியிலிருந்த நடுவர் அரிபரந்தாமன். வேட்டி உடுத்தியிருந்தார் என்ற ஒரே கரணியத்திற்காக அவரை வாயிலிலேயே தடுத்துவிட்டனர். நாட்டுக்கே முறை வழங்கும் நடுவருக்கே இந்நிலை என்றால் உழவனுக்கு என்ன நிலை? தமிழகம் கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டி உடுத்தியவரைப் பொது இடத்தில் தடுத்தால், தடுத்த மன்றத்தின் உரிமம் பறிக்கப்படும்; ஓராண்டு வரை சிறையும் 25,000 உருபா தண்டமும் உண்டு.

நல்ல சட்டம்தான், வரவேற்போம். ஆனால் சட்டம் வாயிற்காவலனைத்தான் தடுக்கும். செஞ்சியில் நடக்கும் திருமண வரவேற்பில் மணமகன் எந்தக் காவலனுக்கு அஞ்சிக் கோட்டு மாட்டுகிறான்? கோடை வெயில், பாறை மலைகளின் வெக்கை வேறு. மேடையில் நின்று வழிய வழிய வியர்க்கிறான். தோழன் ஒருவன் கைக்குட்டையோடு பக்கத்தில் நிற்கிறான்! அவனருகே மணமகள் பட்டுச் சேலையில் பொலிந்து நிற்கிறாள். அயல்நாட்டிலும் இதே காட்சிதான். எந்த விருந்துக்கும் நம் பெண்கள் சேலையில் செல்கிறார்கள்; எவரும் குறை கூறுவதில்லை; வியந்து நோக்குகிறார்கள். மானம் பற்றி மேடைதோறும் முழங்கும் ஆண்மக்கள்தாம் முதலில் உடையை உதறினர். நம் இயக்க மேடைகளில் முழங்குவோரையும் சேர்த்தே சொல்கிறேன்.

'வெளிநாட்டார் ஏற்பார்களா?' என்பது உங்கள் ஐயம். சுவீடன் நாட்டில் ஆண்டுதோறும் திசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் நடக்கும் நோபல் விருந்தைவிடக் கட்டுப்பாடு மிக்க விருந்து உலகில் அரிது. ஆடவர் வால்நீண்ட கருங்கோட்டும் வெள்ளைக் கழுத்துமுடிச்சும் அணியவேண்டும். அல்லது தம் நாட்டுடை உடுக்கலாம். 2019இல் பொருளியலுக்கான பரிசு பெற்ற வங்காளத்து அபிசித்து பானர்சி வேட்டி உடுத்தே சுவீடன் மன்னர் கையால் பரிசு வாங்கினார். 1962இல் அணுகுண்டு ஆய்வுகளை நிறுத்தக் கோரி அமெரிக்கா சென்ற இராசாசி, குடியரசுத் தலைவர் கென்னடியை வேட்டியோடுதான் சந்தித்தார். அவர்மீது நமக்குத் தீராத வழக்கு உண்டு. அவர் திணித்த இந்தியை எதிர்த்துச் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் மாண்டதை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் உடையில் அவர் தளரவில்லை. அதை மறைப்பது நேர்மையாகாது. மறுபுறம், 2019 அத்தோபரில் மாமல்லபுரத்தில் சீனத் தலைவரை வரவேற்ற இந்தியத் தலைமை அமைச்சர் மோடி வேட்டியும் துண்டுமாய்க் காட்சி தந்தார். அதனால் இந்தித் திணிப்பு ஓர் இழையும் குறைந்துவிடவில்லை. வேட்டி உடுத்தவரெல்லாம் தமிழுக்கு உறவினர் ஆகிவிடார்.

இசுக்காட்லாந்து மக்களின் வரலாற்றையும் கேளுங்கள். 1745இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆங்கில அரசு அதை ஒடுக்கியபின், 1746இல் சட்டம் இயற்றி, மலைநாட்டு ஆடவர் அரையில் சுற்றும் கட்டம்போட்ட கம்பளி உடையைத் தடை செய்தது. மீறினால் ஆறு மாதச் சிறை. மறுமுறை மீறினால் ஏழாண்டு நாடுகடத்தல். 36 ஆண்டுகள் கழித்து 1782இல்தான் அத்தடை நீங்கியது. அந்த உடை இன்று எங்கே இருக்கிறது? திருமணத்திலும் மாலை விருந்திலும், கருங்கோட்டுக்குக் கீழே, பெருமையோடு! காற்சட்டை எங்கே என்று அவர்களை எவனும் கேட்பதில்லை. மலேசியாவில் பாத்திக்குச் சட்டையும் பிலிப்பைன்சில் பாரோங்கும் விருந்துடையாக மதிக்கப்படுகின்றன. அவர்கள் உடுத்தார்கள், உலகம் ஏற்றது. நமக்கோ வேட்டியை எவனும் சட்டமிட்டுத் தடுக்கவில்லை, நாமே கழற்றினோம்.

சொல்லையும் கெடுத்தோம். வெட்டப்படுவது வேட்டி; துணிக்கப்படுவது துணி; துண்டிக்கப்படுவது துண்டு; அறுக்கப்படுவது அறுவை. தறியிலிருந்து அறுத்தெடுக்கும் தொழிலே இப்பெயர்களுக்கெல்லாம் வேர் என்பர் நம் சொல்லாய்வாளர். அதன் நடுவே வடவெழுத்தைச் செருகி எழுதுவோர் இன்றும் உளர். நம் செஞ்சிக் கோட்டைக்கே வேற்றுடை உடுத்திவிட்டார்கள் என்றால் வேட்டிக்கு ஏன் வருந்துவது? கோனார்கள் கட்டத் தொடங்கினர் என்று செவிவழி வரலாறு கூறும் இக்கோட்டை, 1677 முதல் 1698 வரை 21 ஆண்டுகளே மராத்தியர் கையில் இருந்தது; 2025இல் உலக மரபுப் பட்டியலில் ஏறியதோ மராத்தியப் படைநிலங்களுள் ஒன்றாக! இதைப் பிறிதொரு நாள் பேசுவோம்.

இனி, பெட்டியில் வைக்க வேண்டியதைச் சொல்கிறேன். நான்கு முழ வேட்டி ஏறத்தாழ இரண்டு மீட்டர். அது வீட்டுக்கு ஆகும், விருந்துக்கு ஆகாது. எட்டு முழ வேட்டி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டை மடிப்பாக இருப்பதால் உடல் தெரியாது, குளிரையும் ஓரளவு தாங்கும். கைத்தறியாக வாங்குங்கள், நெசவாளன் வீட்டில் அடுப்பெரியும். சேலத்து வெண்பட்டு வாங்க இயன்றால் நன்று. கஞ்சி போட்டு மடித்துக் கொண்டுபோகாதீர்கள். மடிப்புத் தழும்பு விழுந்துவிடும், அங்கே சலவைத் தொழிலாளி கிடையாது. கஞ்சியின்றிச் சுருட்டி வைத்து, போய்ச்சேர்ந்தபின் தேய்த்துக்கொள்ளுங்கள். முழுக்கை வெள்ளைச் சட்டை இரண்டு, கரையிட்ட மேல்துண்டு ஒன்று, இடுப்புவார் ஒன்று. முதன்முறை உடுப்பவன் ஒட்டுப்பட்டை வேட்டியை வாங்கினால் நான் நகைக்கமாட்டேன். நடை பழகும் வரை நடைவண்டி வேண்டும்தானே.

பனிக்காலத்தில் உள்ளே காலை ஒட்டிய கம்பளி உடை அணியுங்கள். மேலே நீள்கம்பளி அங்கி. தெருவில் பனி கொட்டும்போது காற்சட்டையில் சென்று, விருந்து வீட்டில் வேட்டிக்கு மாறிக்கொள்வது இழிவன்று. குளிரில் நடுங்கிச் சாவது தமிழ்ப்பற்று ஆகாது. அவையில் வேட்டியை மடித்துக் கட்டாதீர்கள். கணுக்கால் வரை தழைய விடுங்கள். அழைப்பிதழில் நாட்டுடை பற்றிய குறிப்பு இல்லையென்றால், 'எங்கள் நாட்டு விருந்துடையில் வரலாமா?' என்று இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். கேட்டபின் மறுக்கும் விருந்தோம்புநர் மிகச் சிலரே.

எட்டு முழ வேட்டியை அவிழாமல் கட்டத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்புறம் வாருங்கள். நாணவேண்டா. பத்து மணித்துளியில் கற்றுக்கொண்டு போகலாம்.