நான்கு கோடுகளில் நம் கூத்துப் பாட்டு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உகுலேலே நான்கு தந்திகளையுடைய சிறு வாத்தியம். மியூஸ்கோர் என்னும் இலவச மென்பொருளில் சுரங்களைப் பதிந்தால், தந்திக்கொன்றாக நான்கு கோடுகள்மீது இலக்கங்கள் தோன்றும். 0 என்றால் விரல் படாத தந்தி. 3 என்றால், வீணையிற்போல், மூன்றாம் மெட்டில் விரல். சுரம் படிக்கத் தெரியாத சிறுவனும் வாசிக்கலாம்.

இதனைச் சொல்லக் காரணம் உண்டு. முல்லைத்தீவின் கோவலன் கூத்துப் பாட்டுகள் அண்ணாவிமார் வாய்வழியே வந்தவை. அவர் மறைந்தால் அவரறிந்த இசையும் மறையும். 2009இன் இடப்பெயர்வில் பல வீடுகளின் ஏடுகளும் போயின. ஆகவே, எஞ்சியதை இன்றே பதிந்துவையுங்கள்.

ஆயின், இலக்கம் விரலின் இடத்தைக் காட்டுமேயன்றிக் குரலின் குழைவைக் காட்டாது. 1904இல் எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் தம் நூலில் கமகங்களுக்குத் தனிக்குறிகள் இட்டது அதற்காகவே. எழுதியதை அண்ணாவியார் முன் வாசித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.