பனித்தளத்தில் நின்ற அப்பாக்கள்



கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் டெவன், டிரேட்டன் வேலி, ரெட்வாட்டர் என்று எண்ணெயை நம்பி வளர்ந்த ஊர்கள் பல உண்டு. அங்கே வயதான ஒருவர் காலமானால், மரண அறிவிப்பில் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வருவது வழக்கம். இன்னாரின் தகப்பனார், எண்ணெய் வயலில் உழைத்தவர், சிறுவர் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பல ஆண்டுகள் பயிற்சி தந்தவர். முதல் இரண்டும் குடும்பமும் பிழைப்பும். மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. அதை ஒரு கலையாகவே மதித்து இன்று பேசப்போகிறேன்.

1947 பிப்ரவரி 13 அன்று, எட்மன்டனுக்குத் தெற்கே லெடூக் என்ற ஊருக்கு அருகில் இம்பீரியல் ஆயில் நிறுவனம் எண்ணெய் கண்டது. அதற்கு முன் அந்த நிறுவனம் தோண்டிய 133 கிணறுகள் பலனில்லாமல் போயிருந்தன. அந்த ஒரு கிணற்றுக்குப் பிறகு மாகாணத்தின் வாழ்க்கையே மாறியது. எட்மன்டன் நகரின் தொழில்முறை ஹாக்கி அணிக்கு 'ஆயிலர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அணியின் சின்னத்திலேயே ஒரு எண்ணெய்த் துளி இருக்கிறது.

எண்ணெயும் ஹாக்கியும் இப்படிப் பெயரில் சேர்ந்துகொண்டாலும், நாட்காட்டியில் ஒன்றோடொன்று மோதுகின்றன. வடக்கு ஆல்பர்ட்டாவில் பெரும்பகுதி சதுப்பு நிலம். கோடையில் கனரக வண்டிகளை இறக்கினால் புதைந்துபோகும். குளிரில் தரை இறுகிய பிறகுதான் துளையிடும் இயந்திரங்களை உள்ளே கொண்டுபோக முடியும். அதனால் நடுக்குளிர்காலம்தான் வேலை உச்சத்தில் இருக்கும் காலம். வசந்தத்தில் பனி உருகிச் சாலைகள் இளகியதும் பாரவண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும், இயந்திரங்கள் நிற்கும், ஆட்கள் வீடு திரும்புவார்கள். சிறுவர் ஹாக்கிப் பருவமோ இலையுதிர் காலத்தில் தொடங்கி மார்ச் வாக்கில் முடிந்துவிடும். அப்பாவுக்கு ஓய்வு கிடைக்கும்போது பிள்ளையின் ஆட்டம் ஓய்ந்திருக்கும்.

எண்ணெய் வயலில் உழைத்துக்கொண்டே பயிற்சியாளராகவும் இருப்பவர் இந்த முரணோடுதான் வாழ்கிறார். பன்னிரண்டு மணி நேர வேலை. பலருக்கு இரண்டு வாரம் முகாமில், ஒரு வாரம் வீட்டில். ஊர் வந்து சேர்ந்த மறுநாள் விடியுமுன்னே பனித்தளத்தில் நிற்க வேண்டியிருக்கும். அரங்கில் நல்ல நேரமெல்லாம் பெரிய அணிகளுக்குப் போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்கு வார இறுதியின் இருட்டு நேரம்தான் மிஞ்சும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளால் ஸ்கேட் கயிற்றைத் தாங்களே இறுக்கிக் கட்ட முடியாது. இரும்புக் குழாய்களைப் பூட்டிக் காய்த்த கைகள் உடைமாற்றும் அறையில் மண்டியிட்டு அந்தக் கயிறுகளைக் கட்டும். அந்த ஒரு வாரத்தில் பிள்ளையோடு இருக்கத் தகப்பன் கண்டுபிடித்த வழி இது. கூடவே ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேரும் அவருக்குப் பிள்ளைகளாகிவிடுகிறார்கள்.

அன்பு மட்டும் போதுமா? போதாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஷெல்டன் கென்னடி என்ற தொழில்முறை ஹாக்கி வீரர், இளம் வயதில் தன் பயிற்சியாளராலேயே பாலியல் வன்முறைக்கு ஆளானதை 1990களில் வெளியே சொன்னார். 1997இல் அந்தப் பயிற்சியாளர் சிறைக்குப் போனார். ஊரே மதித்த மனிதர் அவர். பின்னாளில் கென்னடியும் ஒரு நண்பரும் சேர்ந்து தொடங்கிய பாடத்திட்டத்தைப் படித்துத் தேறிய பிறகே இன்று பிள்ளைகளுக்குப் பயிற்சி தர முடியும். காவல்துறைச் சரிபார்ப்பும் உண்டு. நல்ல அப்பாக்களும் முகம் சுளிக்காமல் இவற்றுக்கு உட்பட வேண்டும். உட்படுவதும் அவர்கள் பணியின் ஒரு பகுதிதான்.

உடற்காயத்திலும் இந்த விளையாட்டு மெதுவாகத்தான் பாடம் படித்தது. 2010இல் கல்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11, 12 வயதுச் சிறுவர்களை ஆராய்ந்தார்கள். உடலால் மோதித் தடுக்க அனுமதித்திருந்த ஆல்பர்ட்டாவில், அனுமதிக்காத கியூபெக்கை விட மூளை அதிர்வுக் காயம் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. 2013இல் அந்த வயதுக்கு மோதல் தடைசெய்யப்பட்டது. பிள்ளைகள் மென்மையாகிவிடுவார்கள் என்று எதிர்த்த பெற்றோர் அன்று நிறையப் பேர். எண்ணெய் வயலில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தடையின் தேவை மற்றவர்களுக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அங்கே ஷிப்டு தொடங்குமுன் எல்லோரும் கூடி, இன்று எங்கே ஆபத்து என்று பேசிக்கொண்டுதான் வேலையில் இறங்குகிறார்கள். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை தொழிலாளிக்குச் சட்டப்படி உண்டு. அதே பழக்கத்தைப் பனித்தளத்துக்குக் கொண்டுவந்து, "தலை வலிக்கிறது" என்று ஒரு பையன் சொன்னதும் மறுகேள்வி கேட்காமல் உட்கார வைத்த பயிற்சியாளர், தன் தொழிலின் மிக நல்ல பகுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்.

ஆனாலும் ஒரு பயிற்சியாளரின் தரம் தெரியும் இடம் வேறு. ஹாக்கியில் ஓட்டம் கடுமை. ஒரு நிமிடம் போல ஆடியதும் ஐவர் வெளியே வர, வேறு ஐவர் இறங்குவார்கள். யார் எப்போது இறங்குவது என்பது பெஞ்சில் நிற்கும் பயிற்சியாளரின் கையில். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. முறைப்படி இறங்க வேண்டியது சரியாகச் சறுக்கக்கூட வராத ஒரு பையன். பின்னால் பெற்றோர் கத்துகிறார்கள். நன்றாக ஆடும் பிள்ளை, அது சில சமயம் அவருடைய சொந்தப் பிள்ளை, தன்னை அனுப்பும்படி கண்ணாலேயே கேட்கிறது. அப்போது முறையை மாற்றாதவர்தான் பயிற்சியாளர். அந்த ஆட்டம் தோற்றுப்போகலாம். தன் முறை வந்தபோது தன்னை இறக்கினார்கள் என்பதை அந்தப் பையன் மறக்கமாட்டான். கோப்பைகள் வென்ற எத்தனையோ பேரை விட, பத்து வயதுப் பிள்ளைகளிடம் இந்த நீதியைக் காத்தவரையே நான் உயர்வாக வைப்பேன்.

அவர் பிள்ளைக்கு இதில் இழப்பும் உண்டு. வீட்டில் இருக்கும் கொஞ்ச நாளிலும் அப்பாவை ஊரோடு பங்கிட வேண்டும். அவர் மகன் என்பதற்காகவே கூடுதல் கண்டிப்பையும் தாங்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் வரத் தெரிந்த அப்பாக்கள் குறைவு. தெரிந்தவர்கள் பாக்கியவான்கள், அவர்களுடைய பிள்ளைகளும்தான்.

எந்த நாட்டிலானாலும் சிறுவர் அணி நடத்துகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஷிப்டு வேலைக்குப் போகும் ஒரு தகப்பன் வந்து, "பருவத்தில் பாதி நாள்தான் என்னால் வர முடியும்" என்று சொன்னால் அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். மீதிப் பாதிக்கு இன்னொருவரைத் தேடுங்கள்.