மருந்துக்குச் சாகாத எலி



"இப்போதெல்லாம் மருந்து வைத்தாலும் எலி சாவதில்லை" என்ற பேச்சு செம்பனைத் தோட்டங்களில் உண்டு. தின்று தின்று எலிக்கு மருந்து பழகிவிட்டது என்று சிலர் காரணமும் கூறுவர். அது சரிதானா என்று இன்று பார்ப்போம்.

எந்தக் காட்டு உயிரின் வாழ்வையும் மூன்று காரியங்கள் உருவாக்குகின்றன. அது தின்னும் உணவு, வாழும் சூழல், தாய் தந்தையரிடமிருந்து பெறும் பரம்பரைக் கூறு ஆகியவையே அவை. தோட்டத்து எலியிடம் இம்மூன்றையும் காணலாம்.

முதலில் உணவு. காட்டில் பழம் பருவத்துக்குத்தான் கிடைக்கும். செம்பனையிலோ ஆண்டு முழுவதும் குலை உண்டு. கீழே உதிரிப் பழமும் உண்டு. அடுத்தது சூழல். நாம் வெட்டி அடுக்கும் மட்டைக் குவியலே எலிக்கு வீடாகிவிடுகிறது. உணவும் வீடும் அமைந்த பிறகு கேட்க வேண்டுமா? ஏறக்குறைய மூன்று வாரச் சினையில் எலி குட்டி போடுகிறது. சில மாதங்களில் அக்குட்டிகளும் குட்டி போடுகின்றன.

மூன்றாவது, பரம்பரை. வார்ஃபரின் என்ற எலி மருந்து 1950ஆம் ஆண்டுகளில் பல நாடுகளில் பரவியது. இரத்தம் உறைய வைட்டமின் கே என்னும் சத்து வேண்டும். அச்சத்தை உடல் பயன்படுத்த விடாமல் இம்மருந்து தடுக்கிறது. சில நாள் தின்ற எலி, உடலுக்குள் இரத்தம் கசிந்து இறக்கும். ஆனால் 1958இல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில், இம்மருந்துக்குச் சாகாத எலிகள் காணப்பட்டன. 1980ஆம் ஆண்டுகளில் மலேசியச் செம்பனைத் தோட்டங்களிலும் அத்தகைய எலிகளைக் கண்டனர்.

இது எப்படி நேர்ந்தது? நூறு எலிகளில் இரண்டு, மருந்தைத் தாங்கும் தன்மையோடு பிறந்தவை என்று வைத்துக்கொள்வோம். மருந்து வைக்கிறோம், மற்றவை மடிகின்றன. மிஞ்சிய இரண்டுக்கும் பழமெல்லாம் சொந்தம், மட்டைக் குவியலெல்லாம் சொந்தம். அவற்றின் குட்டிகளில் பல அதே தன்மையைப் பெறுகின்றன. மீண்டும் அதே மருந்தை வைத்தால், மீண்டும் அவையே பெருகும். ஆகவே, எந்தத் தனி எலியும் மருந்துக்குப் பழகவில்லை. எலிக்கூட்டம்தான் மாறியது. இதனையே அறிவியலார் பரிணாமம் என்பர்.

இந்த வரத்துக்கும் ஒரு விலை உண்டு. வேல்ஸ் நாட்டில் ஆராய்ந்தபோது, மருந்தைத் தாங்கும் எலிகளுக்கு வைட்டமின் கே கூடுதலாகத் தேவைப்பட்டது. அச்சத்துக் குறைந்த உணவு கிடைத்தால் அவை நலிந்தன. மருந்து இருக்கும் இடத்தில் வலிமையாக இருந்ததே, மருந்து இல்லாத இடத்தில் பலவீனமாகியது. உணவும் சூழலும் பரம்பரையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி நாம் செய்யக்கூடியது என்ன? ஆந்தையைக் காப்போம். பல தோட்டங்களில் கம்பம் நட்டு, ஆந்தைக்கெனப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் கிடக்கும் உருண்டையைக் குச்சியால் பிரித்துப் பாருங்கள். எலியின் மயிரும் எலும்பும் இருக்கும். மருந்தைத் தாங்கும் எலி, தாங்காத எலி என்று ஆந்தை பேதம் பார்ப்பதில்லை. ஆனால் கடுமையான புதிய மருந்துகளைத் தின்ற எலியைப் பிடித்தால், ஆந்தையும் சாகக்கூடும்.

ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று கல்லெறியும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தக் கல்லால் பிழைப்பது எலிதான். பிள்ளைகளுக்கு இதனை எடுத்துச் சொல்வோம்.