மாமன்றம் தில்லியிடம் முதலில் எதைக் கேட்பது?

(மதுரையில் தமிழன்பர்கள் கூடியிருந்த அவையில் புலவர் ஒருவர் ஆற்றிய உரை)



நாடாளுமன்றம் கூடவிருக்கும் போதெல்லாம், மதுரைக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பேச்சு எழுகின்றது. தொடர்வண்டி வேண்டும் என்பார் ஒருவர்; மருத்துவமனை வேண்டும் என்பார் மற்றொருவர்; வானூர்தி நிலையம் விரியவேண்டும் என்பார் இன்னொருவர். எல்லாம் வேண்டுவனவே. ஆனால் எது முதலாவது, எது இரண்டாவது என்று ஆய்ந்து வரிசைப்படுத்துவார் யார்? அவ்வேலை நம் மாநகராட்சி மாமன்றத்துக்கு உரியது என்பதும், அவ்வரிசையில் முதலிடம் பெறவேண்டியது எது என்பதுமே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

மாமன்றம் குப்பை அள்ளவும் வரி தண்டவும் அமைந்த அவைதானே, அதற்கும் தில்லிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். 1866இல் நகராட்சியாகி, 1971 மே முதல் நாளில் மாநகராட்சியாக உயர்ந்தது மதுரை. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்து அப்பெயர் பெற்ற ஊர் இதுவே. 2011இல் திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் முதலிய ஊர்களையும் தன்னுள் சேர்த்துக்கொண்டு நூறு வட்டங்களாக விரிந்தது. ஆனால் அந்த நூறு வட்டத்தாரும் ஒரே நாடாளுமன்றத் தொகுதியில் இல்லை. திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தொகுதி விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. மதுரை எய்ம்சு என்று நாம் சொல்கின்றோமே, அதற்கு இடங்கொடுத்த தோப்பூரும் அப்பக்கமே. ஆகவே, முழு மதுரைக்குமாகத் தில்லியில் வாய்திறக்கும் தனியொரு பேராளர் இல்லை. நூறு வட்டத்தாரும் ஒருங்கே அமரும் ஓரிடம் மாமன்றம் ஒன்றுதான். அது பேசாவிடில் மதுரை பேசவில்லை என்றுதான் பொருள்.

இனி, இதுவரை கேட்டவை என்னவாயின என்று பார்ப்போம். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை, ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவுக்கு மெட்ரோ தொடர்வண்டி கேட்டோம். 2025 நவம்பரில் நடுவண் அரசு அதனைத் திருப்பி விடுத்தது. கரணியம் என்ன? 2017ஆம் ஆண்டின் மெட்ரோக் கொள்கைப்படி 20 இலக்கம் மக்கள் வேண்டுமாம். 2011 கணக்கெடுப்பில் மதுரைக்கு 15 இலக்கமே உள்ளதாம். 2021இல் எடுக்கவேண்டிய கணக்கை அவ்வாண்டில் எடுக்காமல் விட்டவர்கள் யார்? கணக்கெடுக்கும் கடமையைத் தவறவிட்டவரே பழைய கணக்கைக் காட்டி நம்மைத் தள்ளுகின்றனர். அதே 2011 கணக்கில் 20 இலக்கத்தை எட்டாத ஆக்கராவுக்கும் போபாலுக்கும் மட்டும் வண்டி எப்படிக் கிடைத்தது? எய்ம்சின் கதை உங்களுக்குத் தெரியும். 2019 சனவரியில் அடிக்கல் நட்டனர். 2022இல் சேர்ந்த முதல் ஐம்பது மாணவர்களும் இராமநாதபுரத்தில் போய்ப் படித்தனர். அதை விரித்துரைத்து உங்கள் பொழுதைக் கொள்ள நான் விரும்பவில்லை.

பொருளைக் கேட்டால், கொடுப்பவன் விரும்பும்போது கொடுப்பான். விரும்பாவிடில் ஒரு கணக்கைக் காட்டுவான். உரிமையைக் கேட்பது வேறு. அதற்கு நம் மேலூர் மக்களே சான்று.

அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பகுதியில் டங்சுடன் சுரங்கம் வெட்டும் உரிமையை 2024 நவம்பர் 7இல் நடுவண் அரசு ஏலத்தில் விட்டது. அரிட்டாபட்டி, 2022இல் பல்லுயிர் மரபுடைய இடமென்று தமிழ்நாட்டரசால் அறிவிக்கப்பெற்ற ஊர். தமிழி எழுத்துப் பொறித்த குகையுடைய மலை அங்கே நிற்கின்றது. நெடுஞ்செழியன் பெயர் வெட்டிய மாங்குளம் மலையும் பக்கத்திலேயே. ஊரவைகள் கூடி 'வேண்டா' என்று முடிவெழுதின. திசம்பர் 9இல் சட்டமன்றமும் அவ்வாறே முடிவு செய்தது. 2025 சனவரி 7இல் உழவரும் பெண்டிரும் மதுரைக்கு நடந்தே வந்தனர். சனவரி 23இல் ஏலம் நீக்கப்பட்டது. ஊரவை பேசினால் தில்லி கேட்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆயின் ஒன்றை மறவாதீர்கள். அந்த ஏலத்தை விடும் உரிமை நடுவண் அரசுக்கு எங்கிருந்து வந்தது? 2023இல் நாடாளுமன்றம் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. வரைவு அவையில் இருந்தபோதே ஊர்கள் விழித்திருந்தால், பின்னர் அத்தனை தொலைவு நடக்க வேண்டியிருந்திராது. ஆகவே, நாடாளுமன்றத்தின் முன் வரும் ஒவ்வொரு சட்ட வரைவையும் படித்து, மதுரைக்கு அதனால் வரும் நன்மை தீமையை எடுத்துரைக்க, மாமன்றத்தில் ஒரு சிறு குழு வேண்டும். உறுப்பினர் ஐவர் போதும். வரைவுகளைத் தமிழில் அவர்க்குப் படித்துச் சொல்ல ஓர் அலுவலரும் போதும்.

இனி முதலிடத்திற்கு வருகின்றேன். மெட்ரோ ஒத்தக்கடை வரை வரவேண்டும் என்று கேட்டோமல்லவா? ஒத்தக்கடைப் பக்கத்தில்தான், நெடுங்காலப் போராட்டத்திற்குப் பின் 2004 சூலை 24இல் திறக்கப்பெற்ற உயர்நீதிமன்றக் கிளை இருக்கின்றது. முறைமன்றம் என்பது அதற்கேற்ற தமிழ்ப்பெயர். வண்டி அவ்வாயில்வரை ஓடினாலும், வாயிலுக்கு உள்ளே வழக்கின் மொழி ஆங்கிலமே. கீழ்மன்றங்களில் தமிழில் வழக்காடலாம். மேல்மன்றத்திற்குப் போனால் அதே மதுரைக்காரன், அதே மதுரை மண்ணில், ஊமையாகிவிடுகின்றான்.

சில ஆண்டுகட்கு முன் உசிலம்பட்டிப் பக்கத்து உழவர் ஒருவர், என்னிடம் பயின்ற மாணவனின் தந்தை, ஒரு தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். தம் வயலுக்குப் போகும் வண்டிப்பாதை பற்றிய வழக்கில் மேல்முறை மன்றம் ஒன்றிலிருந்து வந்த ஆணை. "ஐயா, தள்ளிவிட்டார்களாம். அதில் வேறென்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். நான் கல்லூரியில் கற்ற ஆங்கிலம் அத்தாளுக்கு எட்டவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கின்றேன். பள்ளியின் ஆங்கில ஆசிரியரிடம் கொண்டுபோனேன். கடைசிப் பகுதியில் இருந்தது செய்தி: நான்கு கிழமைக்குள் வருவாய்த்துறை மேலலுவலரிடம் முறையிட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. அவர் என்னிடம் வந்தது ஏழாவது கிழமை! அவர் சார்பில் வாதாடியவர் வீட்டு எழுத்தர் 'தள்ளிவிட்டார்கள்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாராம். தாளை வாங்கி முன்போலவே மடித்துக்கொண்டு, "எழுதியிருந்தும் எனக்குத் தெரியவில்லையே" என்று சொல்லிவிட்டு அவர் போனார். முப்பதாண்டுக் காலம் தமிழ் கற்பித்த எனக்கு அன்றிரவு உறக்கமில்லை.

இதற்குத் தடை அரசியல் சட்டமா? இல்லை. அதன் 348ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குடியரசுத் தலைவர் இசைவோடு ஆளுநர் மாநில மொழிக்கு இடந்தரலாம் என்கின்றது. தீர்ப்பையும் அம்மொழியில் எழுதலாம், ஆங்கில மொழிபெயர்ப்பு உடனிருந்தால் போதும் என்கின்றது 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. பிறமாநில நடுவர்க்குத் தமிழ் தெரியாதே என்று கவலைப்படுவோர்க்கு அப்பிரிவே விடை. அவ்வழியில் இராசத்தானில் 1950இலும், உத்தரப்பிரதேசத்தில் 1969இலும், மத்தியப்பிரதேசத்தில் 1971இலும், பீகாரில் 1972இலும் இந்தி நுழைந்துவிட்டது. 2006இல் நம் சட்டமன்றம் தமிழுக்கு அதனைக் கேட்டது. 2012இலும் 2016இலும் உச்ச முறைமன்ற நடுவரவை 'ஏற்பதற்கில்லை' என்று சொல்லிவிட்டது.

நடுவரவையைக் கேட்கவேண்டும் என்பது எங்கே எழுதியிருக்கின்றது? சட்டத்தில் இல்லை. 1965 மே 21இல் நடுவண் அமைச்சரவைக் குழு ஒன்று செய்த முடிவு அது. 1965 என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகின்றது? அவ்வாண்டு சனவரி 25இல் இந்தியை எதிர்த்து மாணவர் ஊர்வலம் புறப்பட்டதும், மோதல் வெடித்து நாடெங்கும் தீப்பற்றியதும் இதே மதுரைத் தெருக்களில்தான். அதற்கு நான்கு திங்கள் முடியுமுன்னே தில்லியில் இப்பூட்டு போடப்பட்டது. பூட்டுப் போட்ட பின்னரும் இந்திக்கு மூன்று மாநிலங்களில் கதவு திறந்தது. தமிழுக்கு மட்டும் திறவுகோல் கிடைக்கவில்லை.

தீர்ப்புகளை மொழிபெயர்த்துத் தருகின்றோமே என்பர் சிலர். நன்று, ஆனால் வழக்கில் செல்லுபடியாவது ஆங்கில மூலமே. நிழலில் யாரும் குடியிருக்க முடியாது.

எனவே மாமன்றம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஒப்படைக்கும் பட்டியலில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: 1965ஆம் ஆண்டின் அமைச்சரவைக் குழு முடிவை நீக்கி, உயர்நீதிமன்றத்தில் தமிழுக்கு இடம் தருக. இதற்கு ஓர் உருபாவும் செலவில்லை, நிலம் எடுக்கவேண்டா, மக்கள் தொகைக் கணக்கும் வேண்டா. இரண்டாவதாக, கீழடி அகழாய்வு. 2023 சனவரியில் ஒப்படைத்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025இல் திருப்பியனுப்பினர். எழுதியவாறே அதனை வெளியிடுமாறு கேட்கவேண்டும். மெட்ரோவும் பிறவும் அதன்பின் வரட்டும். மெட்ரோவை முன்னே வைக்கவேண்டும் என்று கருதும் நண்பர்கள் இவ்வவையிலும் இருப்பீர்கள். நாள்தோறும் நெரிசலில் இடிபடுவோர் நீங்கள். உங்கள் துன்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆக்கராக்காரனுக்கு வண்டியும் கிடைத்தது, அவன் மாநில உயர்நீதிமன்றத்தில் அவன் மொழியும் கிடைத்தது என்பதை மட்டும் எண்ணிப்பாருங்கள்.

இம்முதல் வரியை மாமன்றத்தில் முன்மொழிவதற்கான வரைவை எழுதிக் கொண்டுவந்திருக்கின்றேன். நூறு படிகள் வாயிலருகே உள்ள பலகையில் இருக்கின்றன, வட்டத்திற்கு ஒன்று. உங்கள் வட்ட உறுப்பினர் எக்கட்சியினர் என்று பாராமல், வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். யாரிடம் கொடுத்தீர்கள், அவர் என்ன விடை சொன்னார் என்பதைப் பின்பக்கத்தில் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.