பதில் வரும் கடிதம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப்பள்ளி மாணவர்களிடையே நட்பை வளர்ப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் சொல்லப்போவது பழைய வழிதான். ஒரு தாள், ஒரு பேனா, ஓர் உறை. அவ்வளவே!

நம் தமிழ்ப்பள்ளிகளில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கற்றுக்கொடுக்கிறார்கள். நட்புக் கடிதம், உறவுக் கடிதம் என்று வகை பிரித்தே கற்றுக்கொடுக்கிறார்கள். முகவரி எங்கே, தேதி எங்கே, விளிப்பு எங்கே என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால், அந்த நட்புக் கடிதம் யாருக்குப் போகிறது? இல்லாத ஒரு நண்பனுக்கு! ஆசிரியரின் மேசைக்குப் போய், சிவப்பு மையோடு திரும்பி வருகிறது. பதில் வருவதில்லை, புள்ளிதான் வருகிறது.

அதே வகுப்பில், ஓய்வு நேரத்தில் யாரோடும் சேராமல், சிற்றுண்டிச்சாலையின் ஓரத்தில் தனியே நாசி லெமாக் சாப்பிடும் ஒரு மாணவன் இருக்கிறான். அந்தக் கடிதம் அவனுக்குப் போனால் என்ன?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது எங்கள் தோட்டம் விற்கப்பட்டது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழியின் குடும்பம் கிள்ளானுக்குக் குடிபெயர்ந்தது. இரண்டு மாதம் கழித்துப் பள்ளி முகவரிக்கு அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிய பள்ளியில் தன்னோடு யாரும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாள்.

நான் பதில் எழுதவில்லை. 30 காசு தபால்தலைக்கு வழியில்லாமல் அல்ல. கட்டுரைப் புத்தகத்தில் சிவப்பு வட்டங்களையே பார்த்துப் பழகிய எனக்கு, லகர, ளகரப் பிழைகளைக் கண்டு அவள் சிரிப்பாளோ என்ற பயம். நாளை எழுதலாம், நாளை எழுதலாம் என்று ஆண்டே முடிந்துவிட்டது. அவளும் பிறகு எழுதவில்லை. இன்று கேமராவுக்கு முன்னால் எத்தனையோ பேரிடம் பேசுகிறேன். ஒருத்தி மட்டும் காத்திருந்தபோது நான் பேசவில்லை.

அதனால்தான் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பறையில் ஒரு காலணிப் பெட்டியை எடுத்துச் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். அதுதான் அஞ்சல் பெட்டி. மாணவர்களின் பெயர்களைச் சீட்டுப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். பிடித்தவருக்கு எழுது என்றால், கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பத்துக் கடிதம் வரும்; ஓரத்துப் பிள்ளைக்கு ஒன்றும் வராது. சீட்டு என்றால் எல்லாருக்கும் ஒரு கடிதம் நிச்சயம்.

கடிதத்தில் இரண்டு செய்திகள் போதும். உன்னிடம் நான் கவனித்த ஒரு நல்ல குணம். உன்னைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு கேள்வி. கேள்வி இருந்தால்தான் பதில் வரும். வெள்ளிக்கிழமை ஒரு மாணவர் தபால்காரராகிக் கடிதங்களைக் கொடுக்கட்டும். அடுத்த வாரத்திற்குள் பதில் எழுதியாக வேண்டும். புண்படுத்தும் சொல் இருக்கிறதா என்று மட்டும் ஆசிரியர் பார்க்கட்டும். சிவப்புப் பேனா வேண்டாம். இலக்கணத்திற்கு வேறு பாடவேளை இருக்கிறது.

இது பழகிவிட்டால், வேறு ஊர்ப் பள்ளிக்கு எழுதலாம். பக்கத்து மலாய்ப் பள்ளிக்கும் சீனப் பள்ளிக்கும் தேசிய மொழியில் எழுதலாம். வீட்டு முகவரி வேண்டாம். பள்ளி முகவரி போதும்.

முகம் பார்க்காமல் நட்பு வருமா? சோழ நாட்டில் கோப்பெருஞ்சோழன். பாண்டிய நாட்டில் பிசிராந்தையார். இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளாமலே நண்பர்களானார்கள். மன்னன் வடக்கிருந்தபோது, என் நண்பன் வருவான், அவனுக்கும் ஓர் இடம் வையுங்கள் என்றான். அவரும் வந்தார். புறநானூறு காட்டும் நட்பு இது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிலர் சிரிக்கலாம். டென்மார்க்கில் 2025ஆம் ஆண்டு முடிவோடு அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் கடித விநியோகத்தையே நிறுத்திவிட்டது. உண்மைதான். ஆனால், உலக அஞ்சல் ஒன்றியம் 1971ஆம் ஆண்டு தொடங்கிய இளையோர் கடிதப் போட்டி இன்றும் நடக்கிறது. 9 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகள் அதில் எழுதுகிறார்கள்.

புலனக் குழுவில் போடும் செய்தி எல்லாருக்கும் போகிறது. ஓரத்துப் பிள்ளை அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. உறையின் மேல் தன் பெயரைப் பார்க்கும்போதுதான், என்னையும் ஒருவர் நினைத்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரிகிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தால், பிழை பார்க்காதீர்கள். "பதில் எழுதிவிட்டாயா?" என்று மட்டும் கேளுங்கள். அன்று என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.